கொடியில் கிடந்த துணி

அருப்புக்கோட்டையில் திருச்சுழி பஸ் ஏறியபோது என் பக்கத்தில் ஒரு சம்சாரி உட்கார்ந்திருந்தார். கால் ஒடிந்த கண்ணாடியை நூல் கட்டிக் காதில் மாட்டியிருந்தார். மடியில் விதைப்பை.

"திருச்சுழியில் நல்ல மழையாம். விதைச்சிரலாம்" என்று செல்போனில் வந்த வீடியோவைக் காட்டினேன்.

அவர் திருச்சுழியில் இருக்கும் தன் வீட்டுக்குப் போன் போட்டார். மழையைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"கொடியில துணி கெடக்கா? காஞ்சிருச்சா? சரி."

போனை வைத்தார். "மழை இல்ல சார்."

"நேராவே கேட்டிருக்கலாமே?"

"மழை பேஞ்சுச்சான்னு கேட்டா, ஆசையில ஆமாம்பாக. துணியக் கேட்டா உள்ளதச் சொல்லுவாக."

இறங்கும்போது, "சார் என்ன சோலியா வந்தீக?" என்றார்.

'சரிபார்த்த பிறகே பகிர்வோம்' என்று வகுப்பெடுக்கக் கொண்டுவந்த பேனரின் எழுத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, "சும்மா, ஊர் பார்க்க" என்றேன்.

அதையாவது நம்பினாரா என்று இன்றைக்கும் தெரியவில்லை.