ரோமாபுரி ராஜாவுக்குப் பூசாத விபூதி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கிவிட்டேன். முருகன் சாட்சியாகப் பார்த்தது பார்த்தபடி எழுதுகிறேன்.

இலங்கை மலையகத்தில், லுணுகலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். கோயில் திருவிழாவுக்கு மத்தியானமே ரோமாபுரி நாடகம் போடப்போகிறார்கள். தொழிலாளர் குடியிருக்கிற லயத்து வாசலில் ராஜா வேஷக்காரர் தகரக் கிரீடத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். போன மாசம் வரைக்கும் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் இவர்தானாம்.

"இப்ப தலைவர் யாருங்க?" என்கிறேன்.

"மேடையில என்னையக் குத்தப்போறவன்தாங்க. நான் கைப்பிடிச்சு சங்கத்துல சேர்த்தவன். சபை நடுவுல ராஜாவக் குத்துற சிநேகிதன் வேஷம் எப்பவும் அவனுக்குத்தான். நல்லாப் பழகிட்டான்" என்று சிரிக்கிறார்.

"பொறகு ஏங்க நடிக்கிறீங்க?"

"கோயில் வாசல்ல நாடகம் போட்டா, செத்து விழுந்தவனக் குத்தினவனே விபூதி பூசி எழுப்பணும். இல்லாட்டி தோஷம். அதுக்காவது என் மொகத்தப் பார்ப்பான்ல."

தூறலில் நாடகம் நடக்கிறது. அட்டைக் கத்தி பட்டு ராஜா விழுகிறார். சனங்கள் விசிலடித்து, புதுத் தலைவருக்கு மாலை போட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறார்கள். விபூதித் தட்டு தொடாமல் இருக்கிறது.

கிட்டப் போய், "நான் பூசட்டுங்களா?" என்கிறேன்.

கண்ணைத் திறக்காமலே, "கொஞ்சம் பொறுங்க, வருவான்" என்கிறார்.

வாசிக்கிறவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். மனசு கேட்காமல், அவன் வந்தான் என்று மட்டும் சேர்த்துவிடாதீர்கள்.