கல்தூணைத் தொடாமல் போன பயணங்கள்

கல்யாணமாகி நாலாவது மாதம் என் கணவர் சிங்கப்பூருக்குத் திரும்பிப் போனார். அங்கே கட்டட வேலையில் சூப்பர்வைசர். நான் கீரமங்கலத்தில் அவர் வீட்டில் மாமியாரோடு இருந்தேன், அத்தை என்றுதான் கூப்பிடுவேன். காலையில் பஸ் ஏறி ஆலங்குடிக்குப் போவேன். அங்கே ஒரு லேபில் ரத்தம் எடுத்துப் பரிசோதிக்கும் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் போனில் பேசுவோம். சாப்பிட்டாச்சா, மழை பெஞ்சுச்சா, அம்மா மாத்திரை போட்டுச்சா. ஐந்து நிமிடத்தில் எல்லாம் தீர்ந்துவிடும். அதற்கப்புறம் "ம்... அப்பறம்?" என்று அவர் கேட்பார், "நீங்க சொல்லுங்க" என்று நான் சொல்வேன்.

அந்த விளையாட்டை அவர்தான் சொன்னார். காலேஜ் படிக்கும்போது வாங்கிய கம்ப்யூட்டரை வீட்டிலேயே விட்டுப் போயிருந்தார். சிங்கப்பூரில் ஒரு பழைய லேப்டாப் வாங்கி வைத்திருந்தார். ராஜ்யங்கள், காடு, மலை, ராட்சசர்கள் உள்ள ஒரு கற்பனை உலகம் அது. இரண்டு பேரும் இரண்டு வீரர்களாக அதற்குள் போகலாம், ஹெட்செட்டில் பேசிக்கொண்டே விளையாடலாம். அதுவரை செல்போனில் கலர் உருண்டைகளை உடைத்ததைத் தவிர நான் எதையும் விளையாடியதில்லை.

முதல் வாரம் முழுக்க எனக்குச் சிரிப்புத்தான். ஒரு ராட்சசன் கோடாலியை ஓங்கும்போது இவர் பையைத் திறந்து முட்டைக்கோஸ் தின்றார். ஒன்றிரண்டு அல்ல, பையில் இருந்த அத்தனையும்.

"ஏங்க, அவன் வெட்ட வர்றான், நீங்க என்ன தின்னுக்கிட்டு இருக்கீங்க?"

"தின்னா உசுரு ஏறும். ரெண்டு பேரும் பையத் தொறந்தா அவன் அப்புடியே நின்னுருவான். நீயும் தின்னு."

மலையிலிருந்து விழுந்து கால் உடைந்தால் சிவப்புப் புட்டியில் ஒரு மடக்குக் குடித்தால் போதும். ஒரு லாரி கொள்ளும் அளவுக்கு வாளும் கேடயமும் ஒரே பையில் கிடக்கும், ஆள் குதித்துக் குதித்து ஓடுவார். "எங்க லேபுக்கு வர்றவங்களுக்கு இந்தப் புட்டி கெடைச்சா எங்களுக்கு வேலையே இருக்காது" என்றேன். அவரும் சிரித்தார்.

ஊருக்கு ஊர் ஒரு கல்தூண் இருந்தது. தூணைத் தொட்டு, எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று தேர்ந்தெடுத்தால் அடுத்த நொடி அங்கே நிற்போம். கொடுத்த வேலையைக் கடகடவென்று முடித்துவிடுவோம். முடிந்ததும் அவர், "சரி, வைக்கவா?" என்பார். போன் பேசுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

ஒருநாள் வடக்கே ஒரு ஊருக்குப் போக வேண்டியிருந்தது. நாங்கள் அதுவரை போகாத ஊர் என்பதால் தூண் வேலை செய்யவில்லை. நடந்தோம். ஆற்றங்கரை, அப்புறம் காடு, அப்புறம் வெறும் மேடு. வழியில் செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் பேச்சு தானாக வந்தது. கட்டடச் சாரத்தில் ஏறும்போது இன்னமும் கீழே பார்க்கப் பயம் என்று அவர் சொன்னார். கீழே நிற்கிற ஆட்களுக்குத் தெரியக் கூடாதென்று ஏறும்போது சத்தமாகப் பேசிக்கொண்டே ஏறுவாராம். நாலு மாதம் ஒரே வீட்டில் இருந்தபோது இதை அவர் சொன்னதில்லை. நானும், லேபில் ஒரு சின்னப் பிள்ளைக்கு நரம்பு கிடைக்காமல் குத்திக் குத்தி, கடைசியில் பாத்ரூமுக்குள் போய் அழுததைச் சொன்னேன்.

எங்கள் ராஜ்யம் என்னிடம் இருந்த கம்ப்யூட்டரில்தான் சேமிக்கப்பட்டிருந்தது. அதனால் விளையாட்டின் விதிகளை மாற்றும் அமைப்புகள் எல்லாம் என் கையில். மறுநாள் நான் அவற்றைத் திறந்து, தூணில் தொட்டுப் பறக்கும் வசதியை நிறுத்தினேன். பசி, தூக்கம், சுமைக்கு அளவு, சாப்பாடு கெட்டுப்போவது, ஆயுதம் தேய்வது எல்லாவற்றையும் போட்டுவிட்டேன்.

அவருக்குக் கோபம் வந்தது. "நெசமா சுமக்குறதுக்குத்தான் நெசமான ஒலகம் இருக்கே. காலையிலேருந்து சைட்ல அதத்தான பாக்குறேன். இதுலயும் நான் வெறகு தூக்கணுமா?"

"கல்லத் தொட்டா ஊரு வந்துருது. வேலை முடிஞ்சிருது. ஒடனே நீங்க வைக்கவான்னு கேக்குறீங்க."

"சரி, நடப்போம்" என்றார்.

அதன்பிறகு தினமும் நடந்தோம். எனக்கு ராத்திரி ஏழரை என்றால் அவருக்குப் பத்து. நடக்க ஆரம்பித்த பிறகு எங்கள் சண்டைகளும் நிஜமான சண்டைகளாகிவிட்டன. விறகை இறக்கி வைத்துவிட்டு மான் கொம்பை எடுத்துக்கொண்டு வந்ததற்காக ஒரு சாயங்காலம் முழுவதும் அவரிடம் நான் பேசவில்லை. மீனைக் காயப்போடாமல் அழுகவிட்டேன் என்று அவர் இரண்டு நாள் சொல்லிக் காட்டினார். காலையில் கனகாம்பரம் பறித்துப் பூக் கமிஷன் கடைக்கு அனுப்பிவிட்டு, சாயங்காலம் காலை நீட்டி உட்காரும் அத்தை, திரையை எட்டிப் பார்ப்பார்.

"என்னத்தா, நேத்தும் நடந்தீக, இன்னைக்கும் நடக்குறீக. இன்னும் ஊரு வரலையா?"

"வந்துரும் அத்தை."

"ஒரு பஸ்ஸுகூடவா கெடையாது?"

மழை ஆரம்பித்த மாதத்தில் அவர் கொஞ்சம் மெதுவாகிவிட்டார். நான் கேட்டதற்குப் பாதி பதில்தான் வரும். நெட் சரியில்லை என்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன், நம்ம பக்கமே ஒரு இடி இடித்தால் நெட் போய்விடுகிறதே.

அன்றைக்கு ஒரு மூட்டை மருந்து வேரைக் கணவாய் தாண்டி ஒரு கிராமத்தில் சேர்க்க வேண்டும். பாதி வழியில் அவரே சொன்னார்: "ஆளுக்குத் தூக்கக் கணக்கு கொறைஞ்சிருச்சு. தூங்க வச்சுருவோம். இல்லன்னா மலையில தள்ளாடும்." நெருப்பு மூட்டி இரண்டு வீரர்களையும் படுக்க வைத்தோம். திரை ஒரு தடவை இருண்டு, விளையாட்டில் பொழுது விடிந்தது. என் ஆள் எழுந்தாள். அவர் ஆள் எழுந்து நின்றான், ஆனால் நகரவில்லை.

"ஏங்க, போவமா?"

பதில் இல்லை. நெட் போய்விட்டதோ என்று பார்த்தேன், இருந்தது. ஹெட்செட்டைக் காதோடு அழுத்தினேன். மூச்சு கேட்டது. ஒரே சீராக, லேசான குறட்டையோடு. வீரனைத் தூங்க வைத்து எழுப்பிவிட்டு, மனுஷன் தூங்கிப் போயிருந்தார்.

கூப்பிட வாயெடுத்தபோது ஓநாய்கள் வந்தன. தூங்கட்டும் என்று என் மைக்கை அணைத்தேன். என் சத்தம் அவர் காதில்தானே விழும். இரண்டு பேரும் பையைத் திறந்தால்தான் அந்த விளையாட்டு நிற்கும், நான் ஒருத்தி திறந்தால் நிற்காது. அசையாமல் நிற்கும் அவர் ஆளுக்கு முன்னால் என் ஆளை நிறுத்திச் சண்டை போட்டேன். ஒன்றை வெட்டினால் இன்னொன்று பின்னால் வந்தது. ஆயுதம் தேய வேண்டும் என்று போட்டது நான்தான், வாள் உடைந்தது. அவர் ஆளுடைய உயிர்க்கோடு சிவப்புக்கு இறங்கியது.

அமைப்புகளைத் திறந்தேன். ஆயுதத் தேய்மானத்தை எடுத்தேன், பசியை எடுத்தேன், எதிரிகளின் பலத்தை இருப்பதிலேயே சுலபமானதில் வைத்தேன். பையிலிருந்த இன்னொரு வாளை எடுத்து வீசினால் ஒரு வீச்சுக்கு ஒரு ஓநாய் விழுந்தது. வெட்கமாக எல்லாம் இல்லை. நிம்மதியாக இருந்தது.

அத்தை சாப்பிடக் கூப்பிட வந்தார். "என்ன பேச்சே காணும்?"

"அவரு தூங்கிட்டாரு அத்தை. மூச்சு கேக்குது."

"எங்க?" என்று பக்கத்தில் வந்தார். ஹெட்செட்டைக் கழற்றி அத்தை காதில் மாட்டினேன். நின்றபடியே கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டதும் உட்கார்ந்தார்.

"இன்னும் மூக்கு அடைச்சுக்கிட்டுத்தான் தூங்குறான்" என்றார். அப்புறம், "எழுப்பாத" என்றார்.

நான் சமையலறைக்குப் போய்த் தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்தபோதும் அத்தை அப்படியே இருந்தார்.

மறுநாள் மத்தியானம் லேபுக்கே என் கணவரிடமிருந்து போன் வந்தது. முதலில் மன்னிப்புக் கேட்டார். நான் விடாமல் கேட்ட பிறகு சொன்னார். ரொம்ப தூரத்தில் இருக்கிற சைட்டுக்கு மாற்றிவிட்டார்களாம். விடியுமுன்னே வண்டி வந்துவிடும்.

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்னங்க?"

"சொன்னா கல்லத் தொட்டுப் போவோம்ப. நடக்குற நேரம் போயிரும்ல?"

நான் மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். வெளியே ஆட்கள் ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்தார்கள். "ராத்திரி பேசுவோம்" என்று வைத்தேன்.

அன்றைக்கே தூணைத் திரும்பப் போட்டேன். வேலை நாட்களில் தொட்டுப் பறக்கிறோம், ஒரு வேலையை முடிக்கிறோம், "வைக்கவா?" என்று இப்போது நான்தான் கேட்கிறேன். அவருக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. அன்றைக்கு மட்டும் தூண் இல்லை. பசியும் அழுகலும் வேண்டாம் என்று அவர் கேட்டார், சரி என்றேன். எனக்கு வேண்டியது நடை மட்டும்தான் என்பது அப்போது தெரிந்துவிட்டது.

அத்தைக்கும் ஒரு ஹெட்செட் வாங்கிக் கொடுத்தோம். ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, நாங்கள் நடக்க நடக்க மகனிடம் தோட்டத்துப் போர்வெல் மோட்டார் ரிப்பேரான கதையைச் சொல்வார். போன வாரம் வழியில் ஒரு பண்ணையைத் தாண்டிப் போனோம். தொட்டியெல்லாம் காலியாகக் கிடந்தது, பக்கத்தில் இரண்டு மாடுகள் நின்றன.

"எலேய், அந்த மாட்டுக்குத் தண்ணி வைய்யிடா, பாத்துக்கிட்டே போற?"

"அதுக்கெல்லாம் இதுல வசதி கெடையாதும்மா."

"என்னடா வெளையாட்டு இது" என்றார் அத்தை.