முள்ளுக்கரண்டி கேட்ட நாள்

அந்தப் பெண்மணியின் பெயரை நான் கேட்டதில்லை. லண்டன் டூட்டிங்கில் உள்ள பிலிப்பினோ உணவகம் ஒன்றில் பரிமாறுபவர். ஏறத்தாழ என் வயது. கைகளில் எப்போதும் தட்டுகள் இருந்ததால், எதையும் உதட்டைக் குவித்தே சுட்டிக்காட்டினார்.

தாதியாக வேலை செய்யும் என் மகள்தான் என்னை அங்கே அழைத்துச் சென்றாள். அந்தப் பெண்மணி மேசையில் வாழையிலையை விரித்து, சோற்றையும் வினாகிரியில் வெந்த கோழியையும் பரப்பினார். கையால்தான் சாப்பிட வேண்டும் என்றார். பெருவிரலால் சோற்றைத் தள்ளும் விதத்தை அவர் காட்ட, மகள் உடனே அப்படியே செய்தாள். "கை மணக்கும், ஏலாது அம்மா" என்று எத்தனையோ வருடங்களாக என்னிடம் மறுத்தவள் அவள். அவரை "ஆன்ரி" என்று வேறு அழைத்தாள்.

பொறாமையில் எனக்கு ஒரு வாயும் இறங்கவில்லை. முள்ளுக்கரண்டி வேண்டும் என்று அவரிடம் கேட்டேன்.

"என்னம்மா, உங்களுக்கு என்ன நடந்தது?" என்றாள் மகள்.

நான் அவரிடமே ஆங்கிலத்தில், "எனக்குக் கையால் சாப்பிடத் தெரியாது" என்றேன்.

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கரண்டியைக் கொண்டுவந்து வைத்தார். பிறகு என் மகளை நோக்கி உதட்டைக் குவித்து, "இவளைக் கேளுங்கள், பழக்கிவிடுவாள்" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

மகள் சிரித்தபடி சோற்றைக் குழைத்து என் வாயருகே நீட்டினாள். "சரி, ஆ காட்டுங்கோ."

என் பொய்யை அவர் கண்டுகொண்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. திரும்பி வந்தவர், அழுக்குப்படாத அந்தக் கரண்டியை எடுத்துப் போனார்.