பூவிழி அக்காவின் அழுகை

பூவிழி அக்கா மேடையில் அழுதால், பிரிஞ்சாங் டவுனிலிருந்து நாடகம் பார்க்க வந்தவர்கள்கூட கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் மலை இறங்குவார்கள்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து மண்டபம் வெள்ளைக்காரத் துரைமார் சீட்டாடவும் கூத்தடிக்கவும் கட்டியது. அவர்கள் கப்பலேறிப் போனபின் எங்கள் கைக்கு வந்தது. பலகைத் தரை, தகரக் கூரை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை படம் போடுவார்கள். மழை பிடித்துக்கொண்டால் பேச்சு ஒன்றும் கேட்காது. பாட்டு வந்தால் நாங்களே பாடிக்கொள்வோம். பொங்கலுக்கு நாடகம். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கு மாற்றலாகி வந்த சுகுமாரன் சார்தான் எழுதி நடத்துவார். எந்தக் கதையாக இருந்தாலும் அதில் ஒரு தாய் இருப்பாள், அவள் மகனைப் பறிகொடுப்பாள். அந்த வேஷம் பூவிழி அக்காவுக்கு என்று எழுதிவைத்தது போல.

அக்கா எனக்குப் பக்கத்து வீடு. தேயிலைத் தொழிற்சாலையில் நாங்கள் இருவரும் ஒரே மேசையில் பொட்டலம் கட்டுகிறோம். படம் பார்க்கப் போனால் முன் பெஞ்சில்தான் உட்காருவாள். கதாநாயகி அழும்போது என் தொடையைக் கிள்ளுவாள். "பாரு சந்திரா, மூக்கு செவக்கவே இல்ல. கிளிசரின்லா அது!" என்பாள். பின்னால் இருப்பவர்கள் உஷ் உஷ் என்பார்கள்.

அவளுக்கு ஒரே மகன், ரூபன். திரிங்காப்பில் முட்டைக்கோசு ஏற்றி ஈப்போவுக்கு லோரி ஓட்டிக்கொண்டிருந்தான். நாடகம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்து, "அம்மா, நீ மூக்கு உறிஞ்சினது மைக்ல நல்லா கேட்டுச்சு," என்று கேலி செய்வான். அக்கா முந்தானையைச் சுருட்டி அவனை அடிக்க ஓடுவாள்.

கோவிட் முடிந்து மண்டபத்தை மறுபடி திறந்த வருஷம், பனி கொட்டிய ஒரு விடியலில், மலையிறக்கத்து வளைவில் அவன் லோரி பள்ளத்தில் விழுந்தது. மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

அக்கா அழவில்லை.

வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினாள். நாற்காலி போதவில்லை என்று மண்டபத்திலிருந்து எடுத்துவரச் சொன்னாள். தங்கையா அண்ணன், அவள் புருஷன், வாசலில் மண்ணில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். அவள் அவர் தோளைத் தொட்டுவிட்டு மறுபடி அடுப்படிக்குப் போய்விட்டாள். தாப்பாவிலிருந்து வந்திருந்த அண்ணனின் தங்கை வரலட்சுமி கூட்டத்துக்கு நடுவில், எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்: "மேடையில அந்த அழுகை அழுவா. பெத்த புள்ளைக்கு ஒரு சொட்டு இல்ல பாரு."

அக்கா கையில் இருந்த தட்டை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் அவளைக் குளியலறைப் பக்கம் இழுத்துப் போனேன்.

"அழுதுருங்கக்கா. அடக்காதீங்க."

"அடக்கலடி. வாயத் தொறந்தா நாடகத்துல கத்துற கத்துதான் வருது. கை தானா நெஞ்சுல அடிக்கப் போவுது. அய்யோ, எம் புள்ளகிட்டயும் நடிக்கிறேனேன்னு வெக்கமா இருக்கு."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஐஸ் மாதிரி இருந்தது.

கருமாதி முடிந்தது. அக்கா வேலைக்கு வந்தாள். கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் இல்லை. தோட்டத்தில் பேச்சு நிற்கவில்லை. கல் நெஞ்சுக்காரி என்றார்கள். தங்கையா அண்ணனே ஒருநாள் என்னிடம், "அவளுக்கு அவன்மேல பாசம் இல்லையோன்னு எனக்கே தோணுதும்மா," என்றார். அது அக்கா காதுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டேன்.

ஐப்பசி மழை பிடித்த நேரம், மண்டபத்தில் ஒரு சிரிப்புப் படம் போட்டார்கள். நான் கட்டாயப்படுத்தித்தான் அழைத்துப் போனேன். அக்கா முன் பெஞ்சுக்குப் போகாமல் கடைசி வரிசையில், சுவரோரம் உட்கார்ந்தாள். படத்தில் ஒரு தடியன், கடன்காரனுக்குப் பயந்து செத்தவன் மாதிரி படுத்துக்கொள்கிறான். மாலை போடுகிறார்கள், சங்கு ஊதுகிறார்கள். பக்கத்து வீட்டில் வடை சுடும் வாசனை வருகிறது. அவன் மூக்கு ஆடுகிறது. கடைசியில் தாங்கமாட்டாமல், மாலையோடு எழுந்து வடைத் தட்டை நோக்கி ஓடுகிறான்.

மண்டபமே குலுங்கியது. அக்காவும் சிரித்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் பல் தெரிந்தது. நான் நிம்மதியாகத் திரும்பித் திரையைப் பார்த்தேன். சிறிது நேரம் கழித்துத்தான் பெஞ்சு ஆடுவது தெரிந்தது. எல்லாரும் சிரித்து முடித்திருந்தார்கள்.

அவள் இரண்டாக மடிந்து, போர்த்தியிருந்த கம்பளியை வாயில் திணித்துக்கொண்டிருந்தாள். சத்தம் இல்லை. மூக்கு ஒழுகியது, எச்சில் ஒழுகியது. மூச்சு வராமல் தொண்டை விக்கியது. மேடையில் நாங்கள் பார்த்த அழுகைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கூரையில் மழை கொட்டியதால் முன்னால் இருந்த ஒருவருக்கும் எதுவும் கேட்கவில்லை.

"எந்திரிச்சி வரலையே சந்திரா," என்றாள். "எந்திரிச்சி வரலையே."

படம் முடியும்வரை என் மடியில்தான் கிடந்தாள்.

வீட்டுக்குப் போனதும் நான் தங்கையா அண்ணனைத் தனியாக அழைத்து நடந்ததைச் சொன்னேன். அவர் உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். என் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் அழும் சத்தம் கேட்டது. நான் ரேடியோவைச் சத்தமாக வைத்தேன்.

அடுத்த பொங்கலுக்கு முன்பு சுகுமாரன் சார் தயங்கித் தயங்கி வந்தார். வேறு கதை எழுதியிருப்பதாகவும், தாய் வேஷம் சிறியதுதான் என்றும் சொன்னார்.

"வேணாம் சார்," என்றாள் அக்கா. "யாரயாச்சும் பழக்குங்க. நான் பாக்க வாரேன்."

தொழிற்சாலை ஆபீசில் கணக்கெழுதும் தனுஜா அந்த வேஷம் கட்டினாள். மகன் இறந்த காட்சி வந்தபோது, பாதிப் பேர் மேடையை விட்டுவிட்டு அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அசையாமல் கடைசிவரை பார்த்தாள். தனுஜா நெஞ்சில் அடித்துக்கொண்டு தரையில் புரண்டாள். கைதட்டல் நிற்க நேரமாயிற்று. அக்காவும் தட்டினாள். பிறகு மேடைக்குப் பின்னால் போய், அந்தப் பிள்ளையின் கலைந்த தலைமுடியை ஒதுக்கிவிட்டு, "நல்லா அழுதம்மா," என்றாள்.

பனிக்குள் எங்கள் லயத்து வீடுகளை நோக்கி நடந்து வந்தோம். கோயில் அருகே வந்ததும் அக்கா சொன்னாள்:

"அழுக அப்படி வராது சந்திரா. ஆனா அது அந்தப் புள்ளைக்குத் தெரியவே வேணாம்."