கட்டிவைத்த கிளை

எங்கள் மாப்பிள்ளைக்குத் தெருவில் வைத்திருக்கும் பெயர் தாடைக்காரர். அவருடைய தாடை ஒன்றும் பெரிதில்லை. கடைத்தெருவில் ஸ்டுடியோ வைத்து இருபத்திரண்டு வருஷமாகப் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிறார். யார் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாலும், "தாடையைக் கொஞ்சம் இறக்குங்க" என்பார். கல்யாணமான புதிதில், சாப்பிட உட்கார்ந்த என்னிடமே அதைச் சொல்லிவிட்டார். சிரித்த சிரிப்பில் என் மகளுக்குப் புரையேறிவிட்டது.

முகத்தை மறைப்பது எதுவானாலும் அவருக்கு ஆகாது. நெற்றியில் விழுகிற முடி, மூக்குக்கண்ணாடியில் பளபளக்கிற வெளிச்சம், எல்லாவற்றையும் ஒதுக்கிய பிறகுதான் பட்டனை அமுக்குவார். தொழில் அப்படி.

ஆளுக்கொரு செல்போன் வந்தபிறகு கடையில் கூட்டம் குறைந்தது. சும்மா இருக்கிற மனுஷன் இல்லை அவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். விளம்பரப் பலகைக்கு அடித்த ஆணியை விழுங்கி வளர்ந்த மரம், சாக்கடை நுரைக்குள் நீந்துகிற வாத்து, இப்படியாக எடுத்துக்கொண்டு வருவார்.

"மனுஷன் கை பட்ட இடத்தையெல்லாம் எடுக்கிறேன் அத்தை."

"கை படாத இடம் எங்கயாவது இருந்தா அதை எடுங்க மாப்பிள்ளை. அதுதான் அதிசயம்."

கொல்லையில் இருக்கிற எலுமிச்சை மரத்தில் கொண்டைக்குருவி கூடு கட்டியதை முதலில் பார்த்தது நான்தான். நீல நைலான் நூல், பால் பாக்கெட் கிழிசல், யாரோ வீசிய மாஸ்க்கின் காதுக் கயிறு என்று நம் குப்பையை வைத்தே பின்னியிருந்தது. உள்ளே இரண்டு குஞ்சுகள். மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஸ்டூல் போட்டு ஏறினார்.

"இந்தக் கிளை மறைக்குது அத்தை."

"மறைச்சா ஒதுக்கிக் கட்டுங்க. முடியை ஒதுக்குற மாதிரிதானே."

அவர் தயங்கினார். "தாய்க்குருவி கோவிச்சுக்குமோ?"

"கால் மணி நேரத்துல என்ன கோவம்? கட்டிட்டு எடுங்க. நான் அவிழ்த்து விட்டுடறேன்."

கயிற்றை எடுத்துக் கொடுத்ததும் நான்தான். அவர் படம் எடுத்தார். ஒரு கல்யாணத்துக்காக வெளியூர் போக வேண்டியிருந்ததால் அப்படியே வண்டி ஏறிவிட்டார்.

நான் அவிழ்க்கவில்லை. மறந்துபோய் இல்லை. அந்தக் கிளை விலகியதும் துணிக்கொடியில் நல்ல வெயில் விழுந்தது. இரண்டு போர்வையும் மத்தியானத்துக்குள் மொறமொறவென்று காய்ந்துவிட்டன. இன்னும் ஒரு நாள் இருக்கட்டுமே என்று நினைத்தேன். நான் சொல்லச் சொல்ல எழுதுகிற என் மகள், இந்த இடத்தை எழுத வேண்டாம் என்கிறாள். எழுதத்தான் வேண்டும்.

மூன்றாம் நாள் காலையில் திரும்பி வந்தவர் நேராகக் கொல்லைக்குப் போனார். திரும்பி வந்து குழாயடியில் வெகுநேரம் கை கழுவினார்.

"கட்டு அவிழ்க்கலையா அத்தை?"

அவ்வளவுதான் கேட்டார். உச்சிவெயில் நேராகக் கூட்டுக்குள் இறங்கியிருக்கிறது. இரண்டு குஞ்சுகளும் வாயைத் திறந்தபடியே கிடந்தனவாம். என்னைப் பார்க்க விடவில்லை. ஆனால் வாயில் புழுவை வைத்துக்கொண்டு தாய்க்குருவி துணிக்கொடியில் அங்கும் இங்கும் தத்திக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அன்றைக்கு அந்தக் கொடியில் நான் துணி போடவில்லை. போடாமல் என்ன பிரயோஜனம்?

அந்தப் படத்தை நூலகத்தில் நடந்த புகைப்படக் கண்காட்சிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். கதவு அகலத்துக்குப் பெரிதாக்கி நடுச்சுவரில் மாட்டினார்கள். கீழே 'நம் குப்பையில் கட்டிய வீடு' என்று எழுதியிருப்பதாக மகள் படித்துச் சொன்னாள். கூட்டம் அந்தப் படத்தைத்தான் சுற்றி நின்றது. பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி வந்து, "எங்க பிள்ளைங்களுக்கு வாராவாரம் வந்து இப்படி எடுக்கக் கத்துக்குடுங்க சார்" என்றாள். மாப்பிள்ளை முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை. போகிற போக்கில் அவள் கேட்டாள், "குஞ்சுங்க பறந்து போயிடுச்சா?"

அவர் என்னைப் பார்த்தார்.

"பறந்துடுச்சும்மா."

எனக்குத் தரையைத் தவிர வேறெங்கும் பார்க்க முடியவில்லை. பஸ்ஸில் வரும்போது கேட்டேன்.

"எனக்காகவா பொய் சொன்னீங்க?"

"உங்களுக்காக இல்லை அத்தை. எல்லாரும் பாராட்டறப்ப எனக்கு ருசியா இருந்துச்சு. விட மனசில்லை."

"நாளைக்குப் போய்ப் படத்துக்குக் கீழயே எழுதி வைங்க."

"எழுதினா அந்த டீச்சர் என்னை எப்படிக் கூப்பிடுவாங்க?"

"கூப்பிடாம போகட்டும்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் விடவில்லை. இறங்குகிற வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் ஒரு தாளில் எழுதி ஒட்டினார். எனக்குப் படிக்கத் தெரியாது. பெரிசு சின்னது தெரியுமே. மேலே இருந்த தலைப்பு கட்டைவிரல் உயரம், கீழே ஒட்டியது எறும்பு ஊர்கிற மாதிரி.

"ஏன் மாப்பிள்ளை, பெருமை மட்டும் தூரத்துலேர்ந்தே தெரியுது?"

கிழித்துவிட்டுப் பெரிதாக எழுதினார். மகளைப் படிக்கச் சொன்னேன். 'படம் எடுப்பதற்காகக் கிளையை ஒதுக்கிக் கட்டினேன். வெயிலில் இரண்டு குஞ்சுகளும் செத்துவிட்டன.'

"கட்டினேன் இல்லை, கட்டினோம்."

"அத்தை, அது எதுக்கு?"

"அவிழ்க்காதது யாரு? கட்டினோம்னு போடுங்க. நான் அவிழ்க்கலைன்னும் போடுங்க."

மூன்றாவது தாளில் எல்லாம் வந்தது.

மத்தியானம் டீச்சர் வந்தாள். படித்தாள். இரண்டாம் தடவையும் படித்தாள்.

"பறந்துடுச்சுன்னு சொன்னீங்களே சார்."

"பொய் சொன்னேம்மா."

"பிள்ளைங்க வகுப்பை நானே பார்த்துக்கறேன் சார்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. மாப்பிள்ளை படத்தின் பக்கத்திலேயே நின்றார். நாற்காலியை விட்டு எழுந்து போய் நானும் நின்றேன். வந்தவர்கள் படித்தார்கள், எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்கள், அடுத்த படத்துக்குப் போனார்கள். கூடத்தைப் பூட்டுகிற வரைக்கும் நாங்கள் உட்காரவில்லை.