மாவுக்கட்டுக் கையும் கணக்குக் கோப்பையும்

அண்ணே!

பெயர் சொன்னால் அம்மா அடிப்பாள். அதனால் சின்ன வயதிலிருந்தே உன்னை நான் கூப்பிட்ட பெயர் இதுதான். இப்போது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க நீ இல்லை. இருந்தாலும் கூப்பிடுகிறேன்.

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. செக்கண்டரி டூவோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, பள்ளிக்கூடத்தை விட்டவள். நீ சிங்கப்பூர் பூன் லேயில் ஒரு தொடக்கப்பள்ளியில் 'இயர் ஹெட்'. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள், ஆசிரியர்கள் எல்லாரும் உன் பொறுப்பு. நான் அதே பள்ளி கேன்டீனில் இந்தியச் சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தேன். காலையில் ஃபேரர் பார்க்கிலிருந்து ஒன்றாக ரயில் ஏறுவோம். பள்ளி வாசலைத் தாண்டினால் நீ சார், நான் கேன்டீன் அக்கா. நீ போய்ச் சில மாதம் ஆகிறது. அழுது முடிக்கவில்லை. ஆனால் நான் எழுத உட்கார்ந்தது நீ ஜெயித்ததைச் சொல்லத்தான்.

போன வருஷம் ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். அப்பாவுக்குக் கப்பல் பட்டறையில் இன்ஜினியர் வேலை. மதுரைப் பக்கமிருந்து குடும்பத்தோடு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. கணக்கில் கெட்டிக்காரன். பள்ளிகளுக்கிடையிலான கணக்குப் போட்டிக்குத் தேர்ந்தெடுத்த நாலு பேரில் அவனும் ஒருத்தன். அந்த நேரம் பார்த்து ஃபுட்பால் ஆடி விழுந்து வலது கையை உடைத்துக்கொண்டான். விரல் நுனி மட்டும் தெரிகிற மாதிரி பெரிய மாவுக்கட்டு.

அப்புறம் ஆளே மாறிப் போனான். ரீசஸ் இடைவேளையில் கடைப்பக்கம் வருவதில்லை. தூணோரம் தனியாக உட்கார்ந்திருப்பான்.

"என்னடா தம்பி, அக்கா சமையல் புடிக்கலையா?"

"பசிக்கலக்கா."

உண்மையிலேயே என் சமையல்தான் காரணமோ என்று மீ கோரெங் நூடுல்ஸில் காரத்தைக் குறைத்துப் பார்த்தேன். அப்போதும் அவன் வரவில்லை.

அவனுடைய வகுப்பு டீச்சர் சீனர். நல்ல மனுஷி, ஆனால் கண்டிப்பு. ஒருநாள் என் கடைமுன் டீக்கு நின்றபோது உன்னிடம் கொட்டித் தீர்த்தார். அவர் ஆங்கிலத்தில் பேசியதை எனக்கு வந்த தமிழில் எழுதுகிறேன்; நம்ம ஊர்ப் பேச்சின் 'லா'வை மட்டும் அப்படியே விட்டுவிட்டேன்.

"கை உடைஞ்சதுலேர்ந்து அவனுக்குத் திமிரு லா. வொர்க்‌ஷீட்டைக் கையில குடுன்னா டேபிள்ல போட்டுட்டுப் போறான். நான் நீட்டுனா வாங்க மாட்டேங்கிறான். இப்படிப்பட்ட பிள்ளைய எப்படி வெளிய கூட்டிட்டுப் போறது? டீமிலேர்ந்து எடுத்துடலாம்னு இருக்கேன்."

"பேர் எப்ப அனுப்பணும்?"

"வெள்ளிக்கிழமை."

"அதுவரைக்கும் டைம் குடுங்க."

"நீங்க எப்பவும் பிள்ளைங்க பக்கம்தான்."

"உங்க பக்கமும்தான் லா. ரெண்டு பக்கமும் நிக்கத்தானே எனக்குச் சம்பளம்?"

மறுநாள் ரீசஸில் நீ என்னிடம் கறி பஃப் வாங்கிப் போய் அவனிடம் நீட்டினாய். வேண்டாம் என்று தலையாட்டினான். அதை மேசையில் வைத்துவிட்டு, போன் வந்த மாதிரி காதில் வைத்துக்கொண்டு என் கடைக்குப் பின்னால் வந்து நின்றாய்.

"சார், ஒளிஞ்சு பாக்கறீங்களே, நல்லாவா இருக்கு?" என்றேன்.

"சும்மா இரு."

பையன் சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு மேசைக்கடியில் குனிந்து, இடது கையால் அவசர அவசரமாகத் தின்றான். நீ போய் எதிரில் உட்கார்ந்தாய். நான் துணியை எடுத்துக்கொண்டு பக்கத்து மேசையைத் துடைக்க வந்துவிட்டேன்.

"மேல உக்காந்து சாப்பிட்டா என்னடா?"

"எல்லாரும் பாப்பாங்க சார். அசிங்கமா இருக்கு."

"அப்ப வொர்க்‌ஷீட்?"

"டீச்சருக்குப் போயி பீச்சாங்கையால குடுக்கலாமா சார்? எங்கப்பா தோலை உரிச்சிருவாரு!"

இங்கே பிறந்து வளர்ந்த நமக்கு அது தோன்றவே இல்லை. இடது கையில் முள்கரண்டி பிடித்தே பழகிவிட்டோம். டீச்சருக்கு மரியாதைக் குறைவாகிவிடக் கூடாது என்று பயந்த பிள்ளைக்குத்தான் மரியாதை தெரியாதவன் என்று பெயர்!

"அக்கா, ரெண்டு மீ கோரெங்!" என்று கத்தினாய். கொண்டுவந்து வைத்தேன். நீ கரண்டியை இடது கையில் பிடித்துச் சாப்பிட்டாய். பாதி மீ உன் வெள்ளைச் சட்டையில் விழுந்தது.

"சார், உங்க சட்டைக்கும் பசி" என்று அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே தானும் கரண்டியை எடுத்தான்.

அதற்குள் டீச்சரும் டீக்கு வந்துவிட்டார். நீ அவருக்குப் பாடம் எடுக்கவில்லை. ஒரு கேள்விதான் கேட்டாய்.

"சீனப் புத்தாண்டுக்கு உங்க மாமியாருக்கு ஆரஞ்சு எப்படிக் குடுப்பீங்க?"

"ரெண்டு கையாலயும்தான்."

"ஒத்தக் கையால நீட்டுனா?"

"வருஷம் பூரா பேச மாட்டாங்க!"

"அந்தப் பையனும் அதே கஷ்டத்துலதான் இருக்கான்" என்று எல்லாவற்றையும் சொன்னாய். டீச்சர் டீயை என் மேசையில் வைத்தார். அப்புறம் நேராக அவனிடம் போய், கையிலிருந்த தாளை இரண்டு கையாலும் நீட்டினார்.

"ரெண்டு கையாலயும் வாங்கு. மாவுக்கட்டும் ஒரு கைதான். ஓகே?"

அவன் மாவுக்கட்டையும் இடது கையையும் சேர்த்து அந்தத் தாளை வாங்கினான். வெள்ளிக்கிழமை அவன் பெயர் போனது. டீச்சரே அனுப்பினார்.

போட்டி தெம்பனிஸில் நடந்தது. நான் லீவு போட்டுவிட்டு வந்தேன். மற்றப் பிள்ளைகள் எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, எழுத முடியாத இவன் கண்ணை மூடி மனசுக்குள்ளேயே போட்டான். கடைசிக் கேள்விக்கு அவன்தான் இடது கையை நன்றாக மேலே தூக்கினான். விடை சரி, கோப்பை நமக்குத்தான்! டீச்சர் என் முதுகில் போட்ட அடி இன்னும் வலிக்கிறது. மேடையில் சிறப்பு விருந்தினர் கோப்பையை ஒரு கையால் நீட்டினார். இவன் நண்பர்கள் கிறுக்கி வைத்த மாவுக்கட்டோடு இரண்டு கையையும் ஏந்தினான். அதைப் பார்த்த அவரும் இன்னொரு கையைச் சேர்த்துக்கொண்டார். நீ கைதட்டவில்லை அண்ணே. மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாய்.

திங்கட்கிழமை கேன்டீனில் கை உடையாத பிள்ளைகள்கூட மாவுக்கட்டு போட்ட மாதிரி ஒரு கையை விறைப்பாக வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் காசு கொடுத்தார்கள். "டேய், எனக்கு நேரமாவுது!" என்று கத்தினேன். உள்ளுக்குள்ளே அவ்வளவு சந்தோஷம். பிறகு நீ ஆசிரியர்கள் கூட்டத்தில் பேசி ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தாய். ஒரு பிள்ளை மேல் புகார் எழுதும் முன், "உங்க வீட்ல இதை எப்படிச் செய்வீங்க?" என்று அந்தப் பிள்ளையிடம் கேட்க வேண்டும்.

இந்த வருஷம் திடீரென்று மாரடைப்பில் போய்விட்டாய். நம் புளோக்கின் கீழ்த்தளத்தில், வாய்டு டெக்கில், உன்னைக் கிடத்தியிருந்தோம். டீச்சர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பூவை என்னிடம் இரண்டு கையாலும் கொடுத்தது. அந்தப் பையனும் வந்தான். கை எப்போதோ சரியாகிவிட்டது. "இப்ப ரெண்டு கையாலயும் எழுதுவேன்க்கா. சார்ட்ட காட்டணும்னு இருந்தேன்" என்றான்.

இப்போது உன் நாற்காலியில் டீச்சர்தான் இருக்கிறார். புதிதாக வரும் ஆசிரியர்களை முதல்நாளே என் கடைக்குக் கூட்டி வந்து, தூணோர மேசையைக் காட்டி இந்தக் கதையைச் சொல்கிறார். மாமியார் ஆரஞ்சையும் விடுவதில்லை. உன் வேலை நிற்கவில்லை அண்ணே.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் கும்பிடுவது எந்தச் சாமியாக இருந்தாலும் சரி, உங்கள் வீட்டு வழக்கம் எதுவோ அப்படியே, எல்லாரும் என் அண்ணனுக்காக ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்ளுங்கள்.