நடுங்கும் கைக்குக் கைதட்டல்

ஊரைச் சிரிக்க வைக்கிற தொழிலுக்கு முதல் போட வேண்டியதில்லை. மேடையை விட்டு இறங்கும்போது யார் வந்து சட்டையைப் பிடிப்பார்கள் என்பதுதான் தெரியாது. மைக் பிடித்துப் பிழைக்கிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டாம். கொச்சி மட்டாஞ்சேரியில் நானும் முருகேசண்ணனும் காமெடி ஜோடி. கோயில் உற்சவம், ஓணம், கல்யாண வரவேற்பு என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவோம். அண்ணன் கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். ஜனங்கள் மலையாளத்தில் சொன்னதை இங்கே தமிழில் தருகிறேன்; சுவை குறைந்தால் குற்றம் என்னுடையது.

இனிப்பான சபை

ஒரு குடியிருப்பில் ஓண விழா. சர்க்கரை நோயை வைத்து ஓர் ஐட்டம் செய்தோம். மனைவி கண் அசரட்டும் என்று காத்திருந்து, கணவர் பூனை மாதிரி போய்ப் பாயசப் பாத்திரத்தைத் திறக்கிறார். உள்ளே மனைவியின் கரண்டி ஏற்கெனவே கிடக்கிறது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அதில் பாதிப் பேர் மாத்திரை போட்டுக்கொண்டு வந்தவர்கள்.

முடிந்ததும் ஒரு பெரியவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். தொலைந்தோம் என்று கும்பிட்டபடி நின்றேன். அவர் குறை வேறு: "சர்க்கரைக்காரங்களுக்கு இவ்வளவு நேரம் கொடுத்தீங்க. பிரஷர்காரங்க நாங்க என்ன பாவம் பண்ணினோம், மோனே?"

காது மிஷின்

செவிட்டு மாமா ஐட்டம் இந்தத் தொழிலில் எல்லோரிடமும் இருக்கும். உங்களிடமும் இருக்கும், மறைக்க வேண்டாம். 'எங்கே போறீங்க' என்று கேட்டால் 'சாப்பிட்டாச்சு' என்பார் மாமா. ஓர் உற்சவத்தில் முன்வரிசையில் ஒரு டீச்சரம்மா, காதில் மிஷினோடு, விடாமல் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரே தெம்பு. "பாத்தீங்களா அண்ணே, அவங்களே ரசிக்கிறாங்க" என்று பீற்றிக்கொண்டேன்.

அன்னதானப் பந்தியில் அந்த அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கோபமே இல்லை. பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மாதிரி நிதானமாகச் சொன்னார்: "உங்க மாமா தப்புத் தப்பாப் பதில் சொல்றாராமே, பக்கத்துல இருந்தவங்க அப்புறம் சொன்னாங்க. நாங்க அப்படிச் சொல்ல மாட்டோம். கேக்கலைன்னா பக்கத்துல இருக்கிறவங்களைப் பாத்துச் சிரிச்சு வெச்சிடுவோம். இன்னைக்கு முழுக்க நான் அதைத்தான் செஞ்சேன்."

டூரிஸ்ட் பெயர்

மாமாவை மூட்டை கட்டிப் பரணில் போட்டோம். அந்தச் சமயம் பார்த்து முருகேசண்ணனின் வலது கை ஆட ஆரம்பித்தது. பார்க்கின்சன் என்றார் டாக்டர். "பேரைக் கேட்டா நம்ம யூதத் தெரு ஜூ டவுனைப் பாக்க வந்த வெள்ளைக்கார டூரிஸ்ட் மாதிரில்ல இருக்கு" என்று அண்ணன் சிரித்தார். வீட்டுக்கு வரும் வழியில்தான் சிரிப்பு போயிற்று. பென்ஷன் வருகிறது, சோற்றுக்குப் பயமில்லை. ஆனால் விஷயம் தெரிந்தால் எந்த விழாக் கமிட்டியும் கூப்பிடாது. அவருக்கு மேடைதான் உயிர்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. தொண்டை கட்டிக்கொண்டால் அன்றைக்குக் கட்டைக்குரல் போலீஸ்காரர், கால் சுளுக்கினால் காலை இழுத்து நடக்கும் சம்பந்தி. உடம்புக்கு வந்ததைப் பாத்திரத்தின் தலையில் கட்டிவிடுவோம். அதன்படி அண்ணனைக் கல்யாண வீட்டில் தட்டில் சாயா கொண்டுவரும் கிழவராக்கினோம். கண்ணாடி கிளாஸ்கள் கிலுகிலுவென்று ஆட, கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. வேறு ட்ரூப்பைச் சேர்ந்த ஒருவர் மேடைக்குப் பின்னால் வந்து என்னிடம் குசுகுசுத்தார்: "அந்தக் கையாட்டத்துக்கு எத்தனை நாள் ரிகர்சல் சேட்டா? எனக்கும் கொஞ்சம் சொல்லித் தரச் சொல்லுங்க."

கோபமும் பாவமும்

இடப்பள்ளியில் ஒரு கிளப் விழா. அண்ணன் தட்டோடு நுழைந்ததுமே ஓர் இளைஞர் எழுந்து கத்தினார்: "எங்கப்பாவுக்கு இந்த நோய். வெட்கமா இல்லையா உங்களுக்கு?" கூட்டம் அவர் பக்கம் சாய்ந்தது. செக்ரட்டரி மேடையேறி வந்து நிறுத்தச் சொன்னார். அண்ணன் தட்டைக் கீழே வைத்தார். கை ஆடிக்கொண்டேதான் இருந்தது. "நிறுத்துன்னு நானும் தினமும் சொல்றேன் தம்பி, இது கேக்க மாட்டேங்குது" என்றார் மைக்கில். ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த இளைஞர் உட்கார மறந்து நின்றார்.

நடிப்பு என்று நினைத்த வரைக்கும் கோபப்பட்டார்கள். நிஜம் என்று தெரிந்ததும் பாவப்பட்டார்கள். கோபத்தையாவது சமாளித்துவிடலாம். செக்ரட்டரி என்னை ஓரமாகக் கூட்டிப்போய், அண்ணன் காதிலும் விழும்படி உருகினார்: "ஐயோ பாவம், அவரை இனிமே கஷ்டப்படுத்தாதீங்க. அடுத்த தடவை நீங்க மட்டும் வந்தாப் போதும்."

சீனியர்

அந்த இளைஞர் மன்னிப்புக் கேட்டு, போர்ட் கொச்சியில் தன் வீட்டுக்கு அழைத்தார். அப்பா கல்யாணம் காட்சி எதற்கும் போவதில்லையாம். நாலு பேர் முன்னால் கிளாஸைத் தூக்க வெட்கம். போனோம். அவர் அப்பாவுக்கும் அண்ணனுக்கும் அரை கிளாஸ் சாயா வந்தது. வாய்க்குப் பாதி, வேட்டிக்குப் பாதி. அடுத்த நிகழ்ச்சி எப்போது என்று பெரியவர் கேட்டார். இனிமேல் மேடை ஏறுவதில்லை என்றார் அண்ணன். சொல்லிவிட்டுக் கிளாஸைக் கீழே வைத்தார்.

பெரியவர் அண்ணன் கையை உற்றுப் பார்த்தார். "ஒரு கைதானே ஆடுது? எனக்கு ரெண்டும் ஆடுது. நீங்க இன்னும் ஜூனியர், அதுக்குள்ள ரிட்டையர்மென்டா?" என்றார். அண்ணன் வெடித்துச் சிரித்தார். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதை மேடையில் சொல்லிக்கொள்ளலாமா என்று கேட்டார். பெரியவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "சொல்லலாம். ஆனா நான் முன்வரிசையில உக்காந்திருக்கணும்."

நோயை வைத்து ஜோக் அடிக்கலாமா என்று ஊரெல்லாம் வாதாடுகிறது. அன்று நோய் உள்ள இருவரும் வயிறு வலிக்கச் சிரிக்க, சேர்ந்து சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் விழித்தது, சிரிப்பையே தொழிலாகக் கொண்ட நான் ஒருவன்தான்.